பின்சீட்டுப் பயணம்

காந்தள் மோட்டார்ஸில் மாதங்கி வேலைக்குச் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. படித்தது உளவியல். ஆட்கள் ஒரு பொருளை ஏன் வேண்டும் என்கிறார்கள், ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை.

அந்த ஆண்டு ஒரகடம் அலுவலகம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. இளசுகள் ஏன் கார் வாங்குவதில்லை?

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கைபேசியைத் தொட்டால் இரண்டு நிமிடத்தில் ஆளில்லா வண்டி வாசலில் வந்து நிற்கிறது. ஏறினால் கொண்டுபோய் விடுகிறது. இறங்கியதும் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுகிறது. நிறுத்த இடம் தேட வேண்டாம், டயரில் காற்று பார்க்க வேண்டாம். அப்படியிருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டும் காரை எவன் வாங்குவான்? காந்தளும் என்னென்னவோ செய்து பார்த்தது. நிறம் மாறும் கதவு வைத்தது. முன்கண்ணாடியில் விளையாட்டு வைத்தது. பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொண்டு, ஆளில்லா வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். பல்லாவரத்துப் பையன் ஒருவன் மாதங்கியிடம் சொன்னான்: “தண்ணி வேணும்னா குழாயத் திறக்கறோம். அதுக்காக யாராவது ஆத்தையே வெலைக்கு வாங்குவாங்களா மேடம்?”

வாங்காதவர்களைக் கேட்டு அலுத்துப்போன மாதங்கி, வாங்கிய சிலரைத் தேடிப் போனாள். முப்பது வயதுக்குக் கீழே, சொந்தக் காசில் கார் வாங்கியவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர் கிடைத்தார்கள். எல்லோரிடமும் பேசினாள். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பேச்சு கொஞ்சம் நீண்டால் மட்டும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சின்ன வயதில் பின்சீட்டில் உட்கார்ந்து போன ஒரு பயணம். கண்ணாடியில் வழியும் மழை. முன்னால் பெரியவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம். தூங்கிவிட்டால் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள் என்ற நிம்மதி.

அறிக்கையின் கடைசி வரியாக மாதங்கி இப்படி எழுதினாள்: ‘இவர்கள் வாங்கியது கார் இல்லை, அந்தப் பின்சீட்டைத்தான் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.’

இரண்டு வாரம் கழித்து விற்பனைப் பிரிவின் தலைவர் ராபின்சன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மெதுவாகப் பேசுகிற மனிதர். கீழே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுடைய பெயரெல்லாம் நினைவில் வைத்திருப்பார்.

“உங்க அறிக்கைய நாலு தடவ படிச்சேன் மாதங்கி. அந்தப் பின்சீட்டு எத்தன பேருக்குக் கெடைச்சிருக்கும்?”

“நூத்துல பத்துப் பேருக்கு, சார். மத்தவங்க ஆளில்லா வண்டில வளந்தவங்க. இல்லன்னா வீட்ல வண்டியே இருந்ததில்ல.”

“அப்ப மிச்சத் தொண்ணூறு பேருக்கு நாம கொடுத்தா?”

மேசைமேல் ஒரு தலைச்சாய்வு இருந்தது. காரின் சீட்டில் தலை வைக்கிற சின்னத் திண்டு. வெள்ளத்திலும் விபத்திலும் பிழைத்து வந்தவர்களுக்கு மருத்துவமனைகளில் இதைப் போன்ற ஒன்றைத்தான் தலைமாட்டில் வைத்து, பயந்த நினைவின்மேல் அமைதியான ஒன்றை ஏற்றுகிறார்கள் என்று ராபின்சன் விளக்கினார். சோதனை ஓட்டத்துக்கு வருபவர் பன்னிரண்டு நிமிடம் இதில் தலை சாய்த்தால் போதும்.

“இல்லாத பயணத்த இருந்த மாதிரி ஆக்கப்போறோமா சார்?”

“படம் எதையும் நாம வெக்கல. சின்ன வயசுல ஒரு வண்டில பத்திரமா போன உணர்வு, அவ்வளவுதான். படத்த அவங்க மூளையே வரைஞ்சுக்கும்.”

“யாரு ஓட்டற மாதிரி வரையும்?”

“அது அவங்கவங்க மனசப் பொறுத்தது.”

மாதங்கி இன்னும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதினோரு ஆண்டில் அவள் எழுதிய அறிக்கை ஒன்றை யாரோ நான்கு முறை படித்திருந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் வாய் அடைத்துப்போயிற்று என்று பின்னாளில் அவளே சொல்லிக்கொண்டாள்.

‘தும்பி’ என்ற சின்னக் கார் அந்தத் தலைச்சாய்வோடு கடைகளுக்கு வந்தது. சோதனை ஓட்டத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட ஒன்பது பக்கப் படிவம் இருந்தது. அதில் ஏழாம் பக்கத்தில், கிடைக்கப்போகும் நினைவு நடந்ததல்ல என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தது. மறைத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. படித்தார்கள் என்றும் யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கண் கலங்கி இறங்கினார்கள். தும்பி விற்றுத் தீர்ந்தது. மாதங்கிக்குப் பதவி உயர்வு வந்தது.

ஓராண்டு கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வரவேற்பறையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. ஓர் அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார். காரில் தலைகாணி வைக்கச் சொன்னது யாரோ அவரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறார்.

ஐம்பது வயதிருக்கும். மணலியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. பெயர் சுகந்தி. குளிரூட்டிய அறையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரடியாக விஷயத்துக்கு வந்தாள்.

“எம் பொண்ணு பேரு தன்விகா. நர்ஸு வேல பாக்குது. உங்க வண்டிய வாங்கிச்சு. அதுலேர்ந்து அவங்க அப்பன பத்தியே பேசுது மேடம். கார்ல கூட்டினு போனாராம். மழையாம். பாட்டு பாடினே ஓட்டினாராம். இது பின்னாடி சீட்ல உக்காந்துனு இருந்துச்சாம்.”

“அவர் அப்படிக் கூட்டிட்டுப் போனதே இல்லையா?”

சுகந்தி இடது கையை மேசைமேல் வைத்தாள். கடைசி இரண்டு விரல்களும் கோணலாக இறுகியிருந்தன.

“கதவு இடுக்குல வெச்சு நசுக்கினாரு. எம் பொண்ணுக்கு அப்போ நாலு வயசு, பாத்துனே இருந்துச்சு. அன்னிக்கு விடிஞ்சதும் அத தூக்கினு வூட்ட உட்டு வந்துட்டேன். நடந்துதான் வந்தோம். காரு இன்னா மேடம், அந்தாளுகிட்ட ஒரு சைக்கிளு கூட கெடையாது.”

மாதங்கி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னிக்கு காத்தால எழுந்து பாத்தா வண்டியும் இல்ல, இதுவும் இல்ல. போன்ல போட்டிருக்கு. ‘அப்பாவ பாத்துட்டு வரேன், பயப்படாத’ன்னு. அந்தாளு வாலாஜால தண்ணி கேன் கட வெச்சிருக்காரு. போன எடுக்க மாட்டுது. நீங்க வெச்சத நீங்களே வந்து அதுகிட்ட சொல்லுங்க. நா சொன்னா நம்பாது.”

மாதங்கி ராபின்சனிடம் தொலைபேசியில் சொன்னாள். அவர் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, “நீங்க போனா கம்பெனி தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். போகாதீங்க,” என்றார். குரலில் கோபம் இல்லை. மாதங்கி பையை எடுத்துக்கொண்டு கீழே வந்து ஓர் ஆளில்லா வண்டியைக் கூப்பிட்டாள்.

வண்டி காஞ்சிபுரத்தைத் தாண்டியது. ஓட்டுநர் இருக்கையே இல்லாத வண்டி. எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி வெளியே ஓடும் வயல்களைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்:

“இருவது வருசம் அத பயத்தோடதான் வளத்தேன். அப்பன் பேர எடுத்தா தட்ட வெச்சுட்டு எழுந்துக்கும். எங்கனா கதவு படார்னு சாத்தினா என் கைய தேடும். நல்லதுதான்னு உட்டுட்டேன். அந்த பயத்துல ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தோம் மேடம். இப்ப எம் பொண்ணு மட்டும் எங்கயோ போயி குந்திக்கிச்சு.”

“அக்கா, அந்த நினைவு உண்மையில்லன்னு அவளுக்குப் புரிய வெச்சிடலாம்.”

“போன வாரம் கேட்டேன். அந்த காருக்குள்ள நா எங்கடி இருக்கேன்னு. கண்ண மூடி யோசிச்சு பாத்துச்சு. ‘நீ இல்லம்மா’ன்னுச்சு.”



வாலாஜா கடைத்தெருவை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தண்ணீர் கேன் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எதிர்ப்புறம் புங்கமர நிழலில் ஒரு நீலத் தும்பி. தன்விகா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்து அவள் அதிசயப்படவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். சுகந்தி முன்னாலும் மாதங்கி பின்னாலும் ஏறினார்கள்.

“பாத்துட்டியா?” என்றாள் சுகந்தி.

“பாத்தேன்மா.”

“இன்னா சொன்னாரு?”

“மொதல்ல அடையாளம் தெரில. பேர சொன்னதும் அழுதாரு. டீ வாங்கி குடுத்தாரு.” தன்விகா கடையைப் பார்த்தபடியே பேசினாள். “அப்றம் நா கேட்டேன். சின்ன வயசுல மழையில என்ன கார்ல கூட்டினு போனீங்களே, ஞாபகம் இருக்கான்னு.”

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

“இருக்கும்மா, நல்லா ஞாபகம் இருக்குன்னாரு. வெள்ள காருன்னாரு. நீ பின்னாடி சீட்லயே தூங்கிட்டே, நாந்தான் தூக்கினு போயி படுக்க வெச்சேன்னாரு. நா கேக்காததெல்லாம் சொன்னாரு.”

பின்னாலிருந்து மாதங்கி மெல்லச் சொன்னாள்: “தன்விகா, நான் அந்தக் கம்பெனிலேர்ந்து வரேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பயணம்…”

“தெரியும் மேடம். ஏழாவது பக்கம். கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே படிச்சேன். நர்ஸுங்க எல்லா ஃபாரத்தையும் படிப்போம்.”

சுகந்தி திரும்பி மகளைப் பார்த்தாள். “தெரிஞ்சுமா போன?”

“இவ்ளோ நாளா இந்த மூஞ்சிய நெனச்சாலே கை நடுங்கும்மா. இந்த வண்டி வந்தப்றம் நடுங்கல. சரி, போயி பாக்கலாம்னு தோணிச்சு. ‘இல்லம்மா, எங்கிட்ட காரே கெடையாது, உன்ன நா எங்கயும் கூட்டினு போனதில்ல’ன்னு ஒரு வார்த்த சொல்றாரான்னு பாக்கத்தான் போனேன். அத சொல்லியிருந்தா நா எல்லாத்தையும் மன்னிச்சு உட்டுட்டிருப்பேன். உன் கைய நசுக்கினத கூட.” அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. “செய்யாத நல்லத செஞ்சேன்னு சொல்றதுக்கு அவருக்கு ஒரு நிமிசம் கூட ஆகல.”

எதிரே ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு மனிதர் வெளியே வந்தார். மெலிந்த உடம்பு, மடித்துக் கட்டிய கைலி. நீலக் காரை ஒருமுறை பார்த்தார். கையை உயர்த்தலாமா என்று யோசித்ததுபோல இருந்தது. பிறகு காலி கேன்களை அடுக்கத் தொடங்கினார். சுகந்தி அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடப் பயம் அவ்வளவு சின்ன ஆளுக்கா என்பதுபோல.

தன்விகா வண்டியைக் கிளப்பும் முன் கண்ணாடியில் மாதங்கியைப் பார்த்துக் கேட்டாள்.

“இந்த நெனப்ப எடுக்க முடியுமா மேடம்?”

“முடியாதும்மா.”

“ஆஸ்பத்திரில கூட?”

“அதுக்கு மேல இன்னொன்ன வெச்சு மூடலாம். எடுக்க முடியாது.”

தன்விகா தலையாட்டினாள். “கண்ண மூடினா இப்பவும் அவர்தான் ஓட்றாரு. பின்னாடிலேர்ந்து அந்த முதுகு தெரியுது. பாடறாரு. அது பொய்யின்னு தெரியுது, அவரு எப்டிப்பட்ட ஆளுன்னும் தெரிஞ்சுபோச்சு. ஆனா அந்த முதுகு எனக்கு புடிச்சிருக்கு மேடம். அதான் கஷ்டம்.”

மணலி வரும்வரை அவளே ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள்.

மாதங்கி மறுநாளே ராபின்சனிடம் போனாள். அவர் அவளை உட்கார வைத்து முழுக்கக் கேட்டார். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். பிறகு சொன்னார்: “நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா நாம நிறுத்தினா அடுத்த கம்பெனி செய்யும். அவங்க ஏழாவது பக்கத்துல கூடப் போடமாட்டாங்க.” அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் மாதங்கியைச் சோர்வடையச் செய்தது. அன்று மாலையே வேலையை விட்டாள். நடந்ததையெல்லாம் எழுதி, இப்படிப்பட்ட கருவிகளை விசாரிக்க அமைக்கப்பட்ட குழுவுக்கு அனுப்பினாள்.

எட்டு மாதம் விசாரணை நடந்தது. மாதங்கி மூன்று முறை போய்ச் சாட்சி சொன்னாள். தன்விகாவும் ஒருமுறை வந்தாள். கடைசியில் குழு முடிவு சொன்னது. தலைச்சாய்வைத் தடை செய்யவில்லை. ஆனால் சோதனை ஓட்டத்துக்கு முன்னால் கடை ஊழியர் ஒருவர் வாடிக்கையாளரின் எதிரே நின்று அந்த வரியை வாய்விட்டுப் படிக்க வேண்டும்: ‘நீங்கள் பெறப்போகும் நினைவு உங்கள் வாழ்க்கையில் நடந்ததல்ல. இதை அகற்ற முடியாது.’

அது போதும் என்று மாதங்கி நம்பினாள். பொய்யைப் பொய் என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகு யார் போய்த் தலையைச் சாய்ப்பார்கள்? இளைஞர்களை அவளுக்குத் தெரியும். எதையும் எளிதில் நம்பாதவர்கள், ஏமாற்றப்படுகிறோம் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள்.

முடிவு வந்து ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை காலையில், பெருங்குடியில் இருந்த காந்தள் கடைக்கு அவள் போனாள். காலியான கடையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்றும் சொல்லலாம்.

கடை காலியாக இல்லை. கதவுக்கு வெளியே, நடைபாதை முனைவரை வரிசை நின்றது.

உள்ளே ஓர் இளைஞன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். கடைப்பெண் எதிரே நின்று அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். “புரிஞ்சுதா சார்? இது நடந்தது இல்ல.”

“நடக்கலன்னு எனக்குத் தெரியாதாக்கா?” என்றான் அவன். “அதனாலதான வந்திருக்கேன்.”

தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

மாதங்கி வெளியே வந்தாள். வரிசையில் இருபது வயதுக்காரர்கள் மட்டும் இல்லை. நரைத்தவர்கள் நின்றார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் நின்றான். காவல்துறைச் சீருடையில் ஒருத்தி நின்றாள். இவர்களில் பாதிப் பேர் கார் வாங்க வரவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. இருந்தவர்களிடம் என்ன இருந்தது என்று முந்நூறு பேரிடம் கேட்டிருக்கிறோம், இல்லாதவர்களிடம் என்ன இல்லை என்று ஒருவரிடமும் கேட்கவில்லையே என்று மாதங்கி நினைத்தாள்.

வரிசையின் நடுவில் சுகந்தி நின்றிருந்தாள்.

“அக்கா? நீங்க எங்க இங்க?”

சுகந்தி திருட்டில் பிடிபட்டவள்போலச் சிரித்தாள். “பொண்ணுக்கு தெரியாது. சொல்லிடாதீங்க மேடம்.”

“கார் வாங்கறீங்களா?”

“எனக்கு இன்னாத்துக்கு காரு. அந்த பன்னெண்டு நிமிசம் மட்டும் போதும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அது நல்லாத்தான் இருக்கு. வேலைக்கு போவுது, வருது. சில நேரம் சாப்ட்டுனே இருக்கும்போது கண்ண மூடும். அங்க போயிட்டுதுன்னு எனக்கு தெரிஞ்சிரும். தனியா போயி அந்த சீட்ல குந்தினு இருக்குது மேடம். பக்கத்துல யாரும் இல்ல. நானும் உள்ள போயி அது பக்கத்துல உக்காந்துக்கலாம்னு பாத்தேன். முன்னாடி யாரு ஓட்டினா இன்னா, அந்தாளே ஓட்டட்டும்.”

 வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. சுகந்தியும் ஓர் அடி நகர்ந்தாள். இதையாவது இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று மாதங்கிக்குத் தோன்றியது.

“அக்கா, அது ஒரே காரு இல்ல. உங்களுக்கு வர்றது உங்க மனசு வரையறது. அதுல தன்விகா இருக்கமாட்டா. நீங்க சின்னப் பொண்ணா இருப்பீங்க. யாரோ ஓட்டுவாங்க. அவளோடதுக்குள்ள நீங்க போக முடியாது. யாராலயும் முடியாது.”

சுகந்தி வெகுநேரம் தரையைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் நின்றவர் நகரச் சொல்லி இருமினார்.

“ஒருத்தர் நெனப்புக்குள்ள இன்னொருத்தர் போவ முடியாதா?”

“முடியாதுக்கா.”

“செரி.” நிமிர்ந்தாள். “எம் பொண்ண பின்னாடி குந்த வெச்சு நானே இந்த வண்டிய ஓட்டணும்னா எத்தினி நாள்ல கத்துக்கலாம்?”

மாதங்கி விழித்தாள். “எனக்குத் தெரியாதுக்கா. நான் ஓட்டக் கத்துக்கிட்டதே இல்ல.”

“கார் கம்பெனிலயா இருந்தீங்க?” என்றாள் சுகந்தி. அவள் வாய்விட்டுச் சிரித்து மாதங்கி பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாதங்கி போய்க் கடைப்பெண்ணை வரிசைக்கே கூட்டிவந்து கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. உள்ளே போய் யாரையோ விசாரித்துக்கொண்டு வந்தாள். கார் வாங்குபவர்களுக்குக் கம்பெனி ஆளே ஓட்டக் கற்றுக்கொடுத்துவிடுவாராம். வாங்காதவர்கள் கற்றுக்கொள்ள, சென்னையில் இப்போது ஒரே ஒரு பள்ளிதான் இருக்கிறதாம். வில்லிவாக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் திறப்பார்களாம். வருவதற்கு ஆள் இல்லையாம்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழமதான?” என்று கேட்டுக்கொண்டே, தனக்குப் பின்னால் நின்றவருக்கு இடம் விட்டு, சுகந்தி வரிசையிலிருந்து வெளியே வந்தாள்.